ஓய்வூதிய பாக்கியை எந்த ஏட்டில் எழுதுவது?

என் பெரியப்பா 1990களின் கடைசியில் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர். அவருடைய பென்ஷன் காகிதங்கள் எல்லாம் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் இருக்கும். பிபிஓ என்கிற ஓய்வூதிய ஆணைப் புத்தகம், வருடா வருடம் சார்நிலைக் கருவூலத்துக்கு நேர்காணலுக்குப் போய்வந்த சீட்டுகள், ரப்பர் பேண்டு போட்ட நாலைந்து பாஸ்புக். ஒரு பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அதைக் கிளறிக்கொண்டிருந்தோம். வேலையில் இருந்த கடைசி மாதம் அவர் வாங்கிய சம்பளத்தைப்போல் பல மடங்கு இப்போது பென்ஷனாக வருகிறது. நடுவில் இரண்டு ஊதியக்குழுக்கள், வருடத்துக்கு இரண்டு அகவிலைப்படி. "பாடம் நடத்துனதுக்கு அவ்வளவுதான், சும்மா இருக்கிறதுக்கு இவ்வளவு" என்று சிரித்தார்.

கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் எனக்கு வேறு கேள்வி வந்தது. அவர் சாக்பீஸ் பிடித்த முப்பது சொச்சம் ஆண்டுகளில், "இந்த மனிதருக்குப் பின்னால் இவ்வளவு தரவேண்டியிருக்கும்" என்று அரசின் ஏதாவது ஓர் ஏட்டில் ஒரு வரி ஏறியதா? ஏறவில்லை. இன்றைக்கு வகுப்பில் நிற்கும் ஆசிரியருக்கும் ஏறுவதில்லை. பென்ஷன் எவ்வளவு தரலாம், கடைசிச் சம்பளத்தில் பாதியை அரசே தரும் பழைய திட்டமா, ஊழியரும் அரசும் மாதாமாதம் கட்டிச் சேர்க்கும் புதிய திட்டமா என்ற சண்டை இருபது ஆண்டாக நடக்கிறது. அதைக் கணக்கில் எப்படி எழுதுவது என்று யாரும் சண்டை போடுவதில்லை. எனக்கென்னவோ இரண்டாவது கேள்விக்கு விடை தெரியாததால்தான் முதல் சண்டை தீராமல் இழுக்கிறது என்று தோன்றுகிறது.

எழுதுவதற்கு நான்கு வழிகள் உண்டு. உலகில் எங்காவது ஓர் அரசு ஒவ்வொன்றையும் செய்துகொண்டிருக்கிறது. தமிழ்நாடு போன்ற மாநிலத்துக்கு எது சரிப்படும் என்று பார்க்க நான் ஒரே ஓர் அளவுகோலை வைத்துக்கொள்கிறேன். பென்ஷன் விதியை மாற்றி அரசு ஓர் ஆணை போடுகிற அன்றைக்கு, அந்தக் கணக்குப் புத்தகத்தில் ஓர் எண்ணாவது அசைகிறதா? அவ்வளவுதான். பென்ஷன் முடிவு ஒருநாள் எடுப்பது. பணம் அறுபது ஆண்டுகள் போவது. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைக் காட்டாத கணக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கொடுத்தால்தான் செலவு: இன்றைய வழி

இந்தியாவில் மத்திய அரசும் மாநில அரசுகளும் ரொக்க அடிப்படையில் கணக்கு எழுதுகின்றன. பணம் கருவூலத்தைவிட்டு வெளியே போனால் செலவு, உள்ளே வந்தால் வரவு. பென்ஷனுக்கு 2071 என்று ஒரு கணக்குத் தலைப்பு. தமிழ்நாடு பட்ஜெட்டில் மானியக் கோரிக்கை எண் 50. அந்த வருடம் ஓய்வூதியர்களுக்கும் குடும்ப ஓய்வூதியர்களுக்கும் போன தொகை, பணிக்கொடை, தொகுத்துப் பெற்ற பென்ஷன் (பென்ஷனில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்குவது) எல்லாம் அதில் வரும். அடுத்த வருடம் போகப்போவது அடுத்த வருடக் கதை.

இதில் ஒரு பெரிய நல்ல விஷயம் உண்டு. அதைச் சொல்லாமல் திட்டுவது நியாயமில்லை. ரொக்கக் கணக்கில் யூகம் கிடையாது. மாநிலக் கணக்காயர் அலுவலகம் வவுச்சரையும் வங்கி ஸ்க்ரோலையும் ஒப்பிட்டுப் பைசா சுத்தமாகச் சரிபார்த்துவிடலாம். "இந்த எண்ணை எப்படிக் கொண்டுவந்தீர்கள்" என்று யாரும் கேட்க முடியாது.

ஆனால் என் அளவுகோலை வைத்தால் இது தோற்றுப்போகிறது. தோற்பதோடு நின்றால் பரவாயில்லை, தலைகீழாகக் காட்டுகிறது. இரண்டு சம்பவங்களைப் பார்ப்போம்.

2020 மே மாதம், கொரோனா ஊரடங்கில் வரி வரவு படுத்துவிட்ட நேரத்தில், தமிழ்நாடு அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 58இலிருந்து 59 ஆனது. 2021 பிப்ரவரியில் 59 என்பது 60 ஆனது. 58இல் வீட்டுக்குப் போகவேண்டியவர்கள் இரண்டு ஆண்டுகள் கூடுதலாக இருந்தார்கள். ஓய்வு பெறும் நாளில் ஒருவருக்குப் பணிக்கொடை, விடுப்புச் சம்பளம், தொகுப்புத் தொகை எல்லாம் சேர்த்து மொத்தமாகத் தரவேண்டியிருக்கும். அது அத்தனையும் தள்ளிப்போனது. அந்த இரண்டு ஆண்டுகளின் ரொக்கக் கணக்கைப் பார்த்தால் அரசுக்கு மிச்சம். ஆனால் கொடுக்கவேண்டியதில் ஒரு ரூபாய்கூடத் தள்ளுபடி ஆகவில்லை. கூடுதலாக இரண்டு ஊதிய உயர்வு வாங்கிவிட்டதால் கடைசிச் சம்பளம் ஏறி, அதில் பாதியான பென்ஷனும் ஏறிற்று. பென்ஷன் வாங்கும் காலம் இரண்டு ஆண்டு குறைவதால் கொஞ்சம் ஈடாகும் என்பது வேறு. எது எவ்வளவு என்று கணக்கு சொல்லவே இல்லை. தள்ளிப்போட்டதையும் மிச்சப்படுத்தியதையும் பிரித்துக் காட்ட ரொக்கக் கணக்குக்குத் தெரியாது.

இரண்டாவது இதைவிட விசித்திரம். 2022இலிருந்து ராஜஸ்தான், சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், பஞ்சாப், இமாச்சலப் பிரதேசம் என ஒன்றன்பின் ஒன்றாகப் பழைய ஓய்வூதியத் திட்டத்துக்குத் திரும்புவதாக அறிவித்தன. திரும்பினால் முதல் மாதம் என்ன நடக்கும்? ஒவ்வொரு ஊழியருக்கும் அரசு மாதாமாதம் கட்டிக்கொண்டிருந்த பங்களிப்பு நின்றுவிடும். ஊழியரிடம் பிடிக்கும் தொகையும் பொது வருங்கால வைப்பு நிதியாக அரசின் கைக்கே வந்துசேரும். அதாவது, எதிர்காலத்தில் மிகப் பெரிய சுமையை ஏற்றுக்கொண்ட அந்த வருடத்திலேயே பட்ஜெட் ஆரோக்கியமாகத் தெரியும்! 2004ஐ ஒட்டி வேலைக்குச் சேர்ந்தவர்கள் கூட்டமாக ஓய்வு பெறத் தொடங்குவது 2030களின் நடுவில்தான். ரிசர்வ் வங்கியின் மாத இதழில் 2023 செப்டம்பரில் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரை, எல்லா மாநிலங்களும் பழைய திட்டத்துக்குத் திரும்பினால் மொத்தச் சுமை புதிய திட்டமான தேசிய ஓய்வூதியத் திட்டத்தைப்போல் 4.5 மடங்கு வரை போகலாம் என்று கணித்தது. அந்த 4.5 மடங்கில் ஒரு துளிகூட எந்த மாநிலத்தின் அதிகாரபூர்வக் கணக்கிலும் அன்றைக்கு ஏறவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2021 ஆகஸ்டில் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கையில், தமிழ்நாட்டில் ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் கடன் என்று ஒரு வரி இருந்தது. டீக்கடை வரை போன எண் அது. அதில் பழைய திட்டத்தின் பென்ஷன் வாக்குறுதி சேர்த்தியில்லை. ஆனால் 2003 ஏப்ரல் முதல் சேர்ந்தவர்களிடம் பிடித்த சிபிஎஸ் (பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்) பணத்தின் கதை வேறு. தமிழ்நாடு மத்திய அரசின் ஓய்வூதிய ஆணையத்தில் சேராமல் அந்தப் பணத்தைத் தன்னிடமே, பொதுக் கணக்கில் வைத்துக்கொண்டது. ஆகவே நாட்டின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரான சிஏஜி அதை அரசின் பொறுப்புகளில் எண்ணுகிறார். பணம் பிடித்து வைத்திருக்கும் சின்ன பாக்கி ஏட்டில் தெரிகிறது. ஒரு பைசாகூட எடுத்து வைக்காத பெரிய பாக்கி தெரிவதில்லை. ரொக்க அடிப்படையின் லட்சணம் இதுதான்.

முழுவதையும் கடன் பக்கத்தில் ஏற்றுவது

மறுகோடியில் நிற்பது அக்ரூவல் முறை. பள்ளிக்கூடக் கணக்குப்பதிவியல் பாடத்தில் 'கொடுபட வேண்டிய செலவு' என்று படித்திருப்போமே, அதை அரசாங்க அளவுக்குப் பெரிதாக்கினால் இது. ஊழியர் உழைக்கிற ஒவ்வொரு வருடமும் அவருக்குப் பின்னால் தரவேண்டிய பென்ஷனில் ஒரு பங்கு செலவாக ஏறும். இதுவரை சேர்ந்த மொத்தமும் இருப்புநிலைக் குறிப்பில், சந்தையில் வாங்கிய கடனுக்குப் பக்கத்திலேயே கடனாக உட்காரும். நியூசிலாந்து 1990களின் தொடக்கத்திலேயே இதைச் செய்துவிட்டது. ஆஸ்திரேலியா செய்கிறது. பிரிட்டன் 2009-10இலிருந்து முழு அரசுக்கும் சேர்த்து ஒரே கணக்கு வெளியிடுகிறது. பன்னாட்டுப் பொதுத்துறைக் கணக்குத் தரங்களில் இதற்கென்று 39ஆம் எண் தரமே இருக்கிறது.

கொள்கை அளவில் இதை எதிர்க்க எனக்கு எதுவும் இல்லை. சொல்லப்போனால் இதற்கு நம் ஊரிலேயே ஒரு வலுவான ஆதாரம் உண்டு. 1982 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் நகரா வழக்கில் தீர்ப்பு சொன்னது. பென்ஷன் என்பது அரசு மனமிரங்கித் தரும் தானமல்ல, செய்த வேலைக்குப் பிறகு தரப்படும் ஊதியம் என்று அதில் நிலைநாட்டியது. இன்றும் அந்தத் தேதியை ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுகிறார்கள். சங்கக் கூட்டங்களில் இந்தத் தீர்ப்பைச் சொல்லாமல் ஒரு பேச்சு முடியாது. சரி, தள்ளிவைத்த ஊதியம் என்றால், உழைத்த வருடத்தில்தானே அது செலவாக ஏறவேண்டும்? ஓய்வூதியர்களின் வேதமான தீர்ப்பும் கணக்காளரின் சூத்திரமும் இங்கே ஒரே இடத்துக்கு வந்து நிற்கின்றன. இதை இரு தரப்பும் கவனித்த மாதிரி தெரியவில்லை.

சிக்கல் நடைமுறையில். 2022 மார்ச் முடிவில் பிரிட்டனின் பொதுத்துறை ஓய்வூதியக் கடன் ஏறத்தாழ 2.6 லட்சம் கோடி பவுண்ட். ஒரே வருடம் கழித்து 2023 மார்ச் முடிவில் ஏறத்தாழ 1.4 லட்சம் கோடி. பாதிக்குப் பாதி காணோம். யாருடைய பென்ஷனும் வெட்டப்படவில்லை, ஓய்வூதியர்கள் கூட்டமாக இறந்துபோகவும் இல்லை. வட்டி விகிதங்கள் ஏறின, அதனால் எதிர்காலத் தொகையை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவரப் பயன்படுத்தும் தள்ளுபடி வீதம் ஏறியது. அவ்வளவுதான் நடந்தது.

இந்த வீதம் என்ன கூத்து பண்ணும் என்பதைக் கையால் போட்டுப் பார்த்தால்தான் புரியும். ஓர் ஆசிரியை நாளை 60 வயதில் ஓய்வு பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைசி அடிப்படைச் சம்பளம் 80,000, பென்ஷன் 40,000. வருடத்துக்கு 4.8 லட்சம். இன்னும் 22 ஆண்டுகள் வாழ்கிறார், அகவிலைப்படியால் பென்ஷன் ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறுகிறது. குடும்ப ஓய்வூதியத்தை இப்போதைக்கு மறந்துவிடுவோம். தள்ளுபடி வீதம் 7 என்றால் அவருக்கு அரசு பட்டிருக்கும் கடனின் இன்றைய மதிப்பு சுமார் 96 லட்சம் ரூபாய். 8 என்றால் சுமார் 87 லட்சம். ஒரு சதவீதத்துக்கு ஒன்பது லட்சம் போய்விட்டது.

இதே பென்ஷனை எதிர்பார்க்கிற, இப்போது 30 வயதான இன்னொரு ஆசிரியையை எடுத்துக்கொள்ளுங்கள். முப்பது ஆண்டுகள் பின்னோக்கிக் கழிக்கவேண்டும். அப்போது 7 சதவீதத்தில் வரும் எண், 8 சதவீதத்தில் வரும் எண்ணைவிட 45 சதவீதம் கூடுதல்! வேலை அதே, பென்ஷன் அதே. எக்செலில் ஒரு கட்டத்தில் ஓர் இலக்கம் மாறியது, அவ்வளவே.

எந்த வீதம் சரி என்பதற்கு ஒரே விடையும் இல்லை. ஆஸ்திரேலியா இதை ஒரு வழியாகச் சமாளிக்கிறது. பட்ஜெட் மதிப்பீட்டுக்கு நிலையான 5 சதவீதம், வருட முடிவுக் கணக்குக்கு அன்றைய கடன்பத்திர வீதம். அதனால் ஒரே கடனுக்கு அங்கே இரண்டு எண்கள் உலவுகின்றன. அமெரிக்க மாநிலங்களில் 2014-15 முதல் நிகர ஓய்வூதியக் கடனை அறிக்கையின் முகப்பிலேயே காட்டவேண்டும் என்று தரம் வந்தது. ஆனால் நிதியில் பணம் இருக்கிற வரைக்கும் 'எங்கள் முதலீடு இவ்வளவு சம்பாதிக்கும்' என்று எதிர்பார்க்கிற வீதத்தையே தள்ளுபடிக்கும் வைத்துக்கொள்ளலாம். அதிகம் சம்பாதிப்போம் என்று நம்பினால் கடன் சிறிதாகிவிடும். ஆசைப்பட்டே கடனைக் குறைக்கலாம் என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

இன்னொரு சங்கடம், இருப்புநிலைக் குறிப்புக்கு இரண்டு பக்கம் வேண்டும். கடன் பக்கத்தில் பென்ஷனை ஏற்றினால் சொத்துப் பக்கத்தில் என்ன? மேட்டூர் அணைக்கு என்ன விலை போடுவது? மாநில நெடுஞ்சாலைகளுக்கு? அதைவிட, ஓர் அரசின் ஆகப் பெரிய சொத்து வரி போடும் அதிகாரம். அதை எந்தக் கணக்குத் தரமும் சொத்தாக எழுத விடுவதில்லை. பென்ஷனை மட்டும் முழுசாக ஏற்றி, அதை அடைக்கப்போகும் வருங்கால வரியை விட்டுவிட்டால் எல்லா அரசும் திவாலானதுபோலத் தெரியும். அதைக் காட்டிப் பென்ஷனை வெட்டச் சொல்ல நாலு பேர் தயாராக இருப்பார்கள்.

இந்தியாவில் இது பேசப்படாத விஷயமில்லை. சி. ரங்கராஜன் தலைமையிலான 12ஆவது நிதிக்குழு அக்ரூவலுக்கு மாறச் சொல்லி இருபது ஆண்டுக்கு மேல் ஆகிறது. அதற்கு முன்பே, 2002இல், சிஏஜி ஓர் அரசுக் கணக்குத் தர ஆலோசனை வாரியத்தையும் அமைத்துவிட்டார். வேடிக்கை என்னவென்றால், தமிழ்நாட்டின் நகராட்சிகள் 1990களின் கடைசியிலேயே அக்ரூவலுக்கு மாறத் தொடங்கிவிட்டன. நகராட்சி அலுவலகத்தில் இருப்புநிலைக் குறிப்பு இருக்கிறது, கோட்டையில் இல்லை.

அளவுகோலுக்கு வருவோம். ஆணை போட்ட அன்று எண் அசையுமா? அசையும். ஆனால் ஆணையே போடாத வருடத்திலும் அதைவிடப் பத்து மடங்கு அசையும். அந்த ஆட்டத்தில், விதி மாற்றத்தால் வந்த அசைவைக் கண்டுபிடிக்க அடிக்குறிப்புகளுக்குள் இறங்கித் தேடவேண்டும்.

தனி உண்டியல்

எண் எழுதுவதெல்லாம் எதற்கு, பணத்தையே எடுத்து வைத்துவிட்டால் போச்சே என்பது மூன்றாவது வழி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆஸ்திரேலியா 2006இல் 'எதிர்கால நிதி' என்று ஒன்றைத் தொடங்கியது. டெல்ஸ்ட்ரா தொலைபேசி நிறுவனத்தின் பங்குகளை விற்ற பணமும் பட்ஜெட் உபரியும் போட்டு, பழைய பென்ஷன் வாக்குறுதிகளுக்கென்றே வளர்த்தார்கள். இன்றைக்கு 20,000 கோடி ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டிய நிதி அது. சட்டப்படி 2020இலிருந்து எடுத்துச் செலவழிக்கலாம். இன்னும் தொடவில்லை, 2032-33 வரை தொடப்போவதில்லை என்று 2024இல் அறிவித்துவிட்டார்கள். உபரி பட்ஜெட்டும் விற்கப் பெரிய சொத்தும் அதைத் தொடாத ஒழுக்கமும் சேர்ந்து அமைந்த இடம் அது.

நம் ஊர் உண்டியலைப் பார்க்க வேண்டுமானால் ரயில்வேக்குப் போகலாம். ரயில்வேக்குத் தனியாக ஓய்வூதிய நிதி உண்டு. ஒவ்வொரு வருடமும் வருவாயிலிருந்து அதற்கு ஒரு தொகையை ஒதுக்கி, அதை அந்த வருடச் செலவாகக் காட்டவேண்டும். 2019-20இல் ரயில்வேயின் இயக்க விகிதம் 98.36. நூறு ரூபாய் சம்பாதிக்க 98 ரூபாய் சொச்சம் செலவு, ஆக லாபம்தான் என்று படித்தோம். உண்மையில் கொடுத்த பென்ஷன் செலவைச் சேர்த்தால் அந்த விகிதம் 114.35 என்று சிஏஜி அறிக்கை போட்டு உடைத்தது. உண்டியலில் போடவேண்டியதைக் குறைத்துப் போட்டால் செலவும் குறைந்து தெரியும். நிதி என்ற பெயர் இருந்ததாலேயே ரொக்கக் கணக்கில் ஒளிக்க முடியாததையும் ஒளிக்க முடிந்திருக்கிறது.

இதைப் படித்ததிலிருந்து அரசே வைத்திருக்கும் உண்டியல் என்றால் எனக்குக் கொஞ்சம் பயம். கடன் வாங்கித்தான் வருவாய்ப் பற்றாக்குறையை அடைக்கிறது ஒரு மாநிலம் என்றால், அது ஏழு சதவீதத்துக்குக் கடன் வாங்கி உண்டியலில் போடும். வலது பாக்கெட்டிலிருந்து இடது பாக்கெட்டுக்கு.

தமிழ்நாட்டுக்கு இது வெறும் கற்பனையும் இல்லை. ஓய்வூதியத் திட்டங்களை ஆராய்ந்த ககன்தீப் சிங் பேடி குழுவின் அறிக்கைக்குப் பிறகு, 2026 ஜனவரியில் தமிழ்நாடு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஊழியர் 10 சதவீதம் கட்டுவார், கடைசிச் சம்பளத்தில் 50 சதவீதம் பென்ஷன் உறுதி, குறைவதை அரசு போடும். ஒருமுறை 13,000 கோடி, அப்புறம் ஆண்டுக்கு 11,000 கோடி ரூபாய் அரசு தரவேண்டியிருக்கும் என்று அறிவிப்பில் சொன்னார்கள். இரண்டுமே கட்டப்போகும் பணத்தின் அளவு. 2003இலிருந்து வேலை பார்த்துவிட்டவர்களின் இதுவரையான சேவைக்கு இந்த உறுதியால் புதிதாக ஏறிய பாக்கி எவ்வளவு என்பது மூன்றாவது ஓர் எண். அது தெரிந்தால்தான் முதல் இரண்டும் போதுமா, குறைவா, தேவைக்கு மேலா என்று சொல்லமுடியும். உண்டியலின் அளவைக் கடனின் அளவு தெரியாமல் எப்படி முடிவு செய்வது? அதனால்தான் மூன்றாவது வழி, நான்காவதற்குப் பின்னால் வரவேண்டியது என்கிறேன்.

பின்னிணைப்பில் ஓர் அட்டவணை

நான்காவது வழியில் பகட்டு எதுவும் இல்லை. அதிகாரபூர்வக் கணக்கு இப்போதுபோலவே ரொக்கத்தில் ஓடட்டும். அதோடு வருடத்துக்கு ஒருமுறை ஆக்சுவரி (ஆயுள், வட்டி எல்லாம் வைத்து எதிர்காலத் தொகையைக் கணிக்கும் நிபுணர்) ஒருவர் பென்ஷன் பாக்கியைக் கணித்து, அது பட்ஜெட்டோடு ஒரு தனி அட்டவணையாக வெளிவரட்டும். ஐரோப்பிய நாடுகள் இதைத்தான் செய்கின்றன. அங்கே பணம் ஒதுக்காத அரசு ஓய்வூதியங்களை மையக் கணக்கில் கடனாக ஏற்றுவதில்லை, 29ஆம் எண் துணை அட்டவணையில் காட்டுகிறார்கள். பற்றாக்குறை, கடன் வரம்பு எதையும் அது தொடாது. ஆனால் எண் ஊரறிய இருக்கும்.

"அடிக்குறிப்பில் போட்டால் யார் படிப்பார்கள்" என்பார்கள். நியாயமான சந்தேகம். மொத்த எண்ணை மட்டும் போட்டால் யாரும் படிக்கமாட்டார்கள்தான், படித்தாலும் பயப்படுவதைத் தவிர வேறு பயன் இல்லை. எனக்கு வேண்டியது மொத்தம் அல்ல. போன வருட எண் ஏன் இந்த வருட எண்ணாக மாறியது என்று பிரித்துச் சொல்லும் ஐந்து வரிகள். ஊழியர்கள் இந்த ஆண்டு உழைத்ததால் புதிதாகச் சேர்ந்தது. பழைய பாக்கிக்கு ஓராண்டு வட்டியாக ஏறியது. பென்ஷனாகக் கொடுத்துக் கழிந்தது. வட்டி வீதம், ஆயுள் போன்ற அனுமானங்கள் மாறியதால் ஏறியது அல்லது இறங்கியது. ஐந்தாவதாக, இந்த ஆண்டு அரசு விதியை மாற்றியதால் வந்தது.

இந்த ஐந்தாவது வரிக்காகத்தான் இவ்வளவு எழுதினேன். பிரிட்டனில் பாதிக் கடன் மாயமானதெல்லாம் நான்காவது வரியில் போய் அடங்கிவிடும். யாரும் அதற்காகக் கொண்டாடவோ பதறவோ வேண்டாம். 2020இன் ஓய்வு வயது ஆணை, ராஜஸ்தானின் திரும்பல், 2026இன் உறுதியளிப்பு எல்லாம் ஐந்தாவது வரியில் தனியாக நிற்கும். தள்ளுபடி வீதத் தகராறைத் தீர்க்கவும் தேவையில்லை. இரண்டு வீதங்களில் இரண்டு பத்தி போட்டால் போதும், மாநிலம் கடன் வாங்கும் வீதம் ஒன்று, அதைவிட ஒரு புள்ளி கூட்டி இன்னொன்று. எப்படிப் போட்டாலும் ஐந்தாவது வரி கூட்டலா கழித்தலா என்பது பெரும்பாலும் மாறாது. எனக்கு அது போதும்.

இது நடக்கிற காரியம்தானா என்றால், நம் வங்கிகள் செய்துகொண்டிருக்கின்றன. 2010இல் பொதுத்துறை வங்கிகளில் முன்பு பென்ஷனில் சேராத ஊழியர்களுக்குச் சேர மறுபடி வாய்ப்பு தரப்பட்டபோது, அதனால் வந்த கூடுதல் பாக்கி அந்த வருடமே கணக்கில் ஏறியாகவேண்டிய நிலை. தாங்காது என்று ரிசர்வ் வங்கி ஐந்து ஆண்டுகளுக்குப் பிரித்து எழுத அனுமதித்தது. கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் கணக்கை எப்படி அசைக்கிறது பாருங்கள்! அரசு ஒரு வரியில் போடும் ஆணைக்கு அந்த அசைவு கிடையாது.

தரவும் முன்னைப்போல் பெரிய தடை இல்லை. ஒரு காலத்தில் பணிப்பதிவேடு என்றால் அலமாரியில் கரையான் அரித்த கட்டு. இப்போது கருவூலத் துறையின் ஒருங்கிணைந்த நிதி மனிதவள மென்பொருளில் பிறந்த தேதி, சேர்ந்த தேதி, சம்பள நிலை எல்லாம் ஏறியிருக்கின்றன. ஓய்வூதியர் பட்டியல் ஏற்கெனவே கணினியில். கொஞ்சம் மெனக்கெட வேண்டியது அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி ஆசிரியர்கள் விஷயத்தில். அவர்கள் அரசு ஊழியர் இல்லை, ஆனால் பென்ஷன் அரசுடையது. அவர்களை விட்டுவிட்டால் எண் பொய்யாகிவிடும். மின்வாரியத்தைச் சேர்க்கக் கூடாது, அது கம்பெனிக் கணக்கில் தனியாகக் காட்டவேண்டியது.

எதிர்ப்பு சங்கங்களிடமிருந்து வரும். வரட்டும், காரணம் இருக்கிறது. 8ஆவது மத்திய ஊதியக்குழுவின் ஆய்வு வரம்புகளை 2025 அக்டோபரில் அமைச்சரவை ஏற்றபோது, ஊழியர் பங்களிப்பில்லாத ஓய்வூதியத் திட்டங்களுக்கான நிதி ஒதுக்கப்படாத செலவையும் குழு கருத்தில் கொள்ளவேண்டும் என்று ஒரு வாசகம் இருந்தது. ஊழியர், ஓய்வூதியர் அமைப்புகள் கொதித்துப்போயின. எங்களைச் சுமை என்கிறீர்களா என்ற கோபம். கோபம் புரிகிறது. ஆனால் இதைக் கவனியுங்கள்: அந்த வாசகம் இருக்கிறது, அதற்கான எண்ணை அரசு ஒழுங்காக வெளியிடுவதில்லை. எண் இல்லாத இடத்தில் ஆளுக்கொரு எண்ணைச் சொல்வார்கள், பெரும்பாலும் பயமுறுத்துகிற எண்ணாக. ஐந்து வரி அட்டவணை கையில் இருந்தால், பாக்கி ஏறியதில் எவ்வளவு உழைப்புக்கு உரியது, எவ்வளவு வட்டி வீத விளையாட்டு, எவ்வளவு அரசியல் முடிவு என்று சங்கமே பிரித்துக் கேட்கலாம். சிபிஎஸ்ஸில் பிடித்த பணம் எங்கே, எவ்வளவு என்று இருபது ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு ஓர் அட்டவணையின் அருமை தெரியாமல் இருக்காது.

முறை பார்த்தாலும் இதுதான் சுலபம். அரசுக் கணக்குகளின் வடிவத்தை மாற்றவேண்டுமானால் அரசியலமைப்பின் 150ஆம் பிரிவுப்படி சிஏஜியின் ஆலோசனையின்பேரில் குடியரசுத் தலைவர் சொல்லவேண்டும்; ஒரு மாநிலம் தனியாக அக்ரூவலுக்குத் தாவிவிட முடியாது. அட்டவணைக்கு அந்தப் பாடு கிடையாது. தமிழ்நாடு நிதிப் பொறுப்புடைமைச் சட்டம் 2003இலிருந்தே இருக்கிறது. அதன்படி ஒவ்வொரு பட்ஜெட்டோடும் அடுத்துவரும் ஆண்டுகளுக்கான ஓர் இடைக்கால நிதித் திட்டத்தைப் பேரவையில் வைக்கிறார்கள். சம்பளம், பென்ஷன் எப்படி ஏறும் என்று இரண்டு பத்தி அதில் வழக்கமாக இருக்கும். அந்த இரண்டு பத்திக்குக் கீழே இடம் இருக்கிறது.